பெருவிரல் அமுங்கும் காற்று

முதல் தடவை விழுந்ததில் எனக்கு முன்பல் உடைந்தது. காட்டுப் பாதையில் பாசி பிடித்த வேர் ஒன்றின் மேல் முன்சக்கரம் வழுக்கியது. சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தாடை நேராகப் போய்க் கல்லில் இடித்தது. எழுந்து உட்கார்ந்து, வாயில் நிறைந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, டயரைத் திட்ட ஆரம்பித்தேன். மனிதர்களைத் திட்டுவதற்கென்று நான் வைத்திருந்த அத்தனை வார்த்தைகளையும் அதற்கே கொடுத்தேன். நல்லவேளை, காட்டில் யாரும் இல்லை.

அது எங்கள் தோட்டத்து உதவி மேனேஜர், சின்ன துரை, மாற்றலாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போன மலைச் சைக்கிள். யாருக்கு வேண்டும் என்று கேட்டார், நான் கை தூக்கினேன். தேயிலை பேக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்கிறவள், பிள்ளைகளை வெளியூர் காலேஜுக்கு அனுப்பிவிட்டவள், இதை வைத்து என்ன செய்யப் போகிறாள் என்று லைன் வீடுகள் முழுக்கச் சிரிப்பு. சிரித்தவர்களுக்கு எல்லாம் சேர்த்து, சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் அவர்கள் வாசல் வழியாகவே பெல் அடித்துக்கொண்டு போனேன். நாள் முழுக்க மெஷின் இரைச்சலில் நின்ற உடம்புக்கு அந்த ஒரு மணி நேரம்தான் சொந்தம். அதை யாருக்கும் விட்டுக் கொடுக்க எனக்கு மனமில்லை.

என் வழி ஒரே மாதிரி வழி இல்லை. லைன் வீட்டிலிருந்து தேயிலைக்கு நடுவே சிமெண்ட் ரோடு, அப்புறம் இலை லோரிகள் உழுதுபோட்ட செம்மண், அதற்கு மேல் காடு. காட்டில் எந்த மாதத்திலும் வேர்கள் ஈரமாகத்தான் இருக்கும். கீழே இறங்கினால் கம்போங் ராஜா போகும் தார் ரோடு, அதில் முட்டைக்கோஸ் லோரிகள் ஆளைப் பார்க்காமல் வரும். காய்கறி போடும் கெபுன்களில் கட்டி வைத்திருக்கும் நாய்கள் சங்கிலியை அறுத்துக்கொண்டு துரத்தும். சின்ன துரையின் டயர் இதில் எதற்கும் உதவாத அளவுக்குத் தேய்ந்திருந்தது. நடுவில் இருந்த ரப்பர்க் கட்டைகள் மழுங்கி, ஓரத்துக் கட்டைகள் பிய்ந்து தொங்கின.

ரத்தத்தோடு வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சோற்றுத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தார். அவர் கோபம் அப்படிப்பட்டது. கோலா தெர்லாவில் காய்கறி ஏற்றும் லோரி ஓட்டுகிறார், ரோட்டில் வழி மறித்த ஒருவனை இறங்கிப் போய் மூக்கில் குத்தி, போலீஸ் வரைக்கும் போனவர். என் மேல் கை வைத்ததில்லை. வைத்தால் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். அன்று சுவரில் குழம்பு வழிய, லைன் கடைசியில் இருக்கும் முனியாண்டி மேடையைப் பார்த்துக் கை நீட்டினார்.

"இன்னொரு தடவ உன் ஒடம்புல ரத்தம் பார்த்தேன், முனியாண்டி மேல சத்தியமா சொல்றேன், இந்த சைக்கிள பராங் கத்தியால வெட்டி பாய்லர்ல போட்டுருவேன்."

எங்கள் பக்கம் முனியாண்டி மேல் செய்த சத்தியம் சும்மா வாய்ப்பேச்சில்லை. செய்தவர் மறந்தாலும் முனியாண்டி மறக்க மாட்டார் என்றுதான் எல்லாரும் நம்புகிறோம். ஆக, இன்னொரு தடவை நான் விழக்கூடாது. விழுந்தால் சைக்கிள் போச்சு. பல் வலியை விட எனக்கு அந்த நினைப்புதான் வலித்தது. சமாதானமெல்லாம் பேசவில்லை. பழைய டயர்களைக் கழற்றிக் கொட்டகைச் சுவரில் மாட்டிவிட்டு, புது டயர் வாங்கக் கிளம்பினேன்.

ஈப்போவில் இருந்தது சைக்கிள் கடை. என்னைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று வீட்டுக்காரரும் கூடவே வந்தார். காய்கறியை இறக்கிவிட்டு, லோரியைக் கடை வாசலில் பாதி ரோட்டை அடைத்து நிறுத்தினார். கடை முதலாளி தவுக்கேயிடம் என் வழியைச் சொன்னேன்: சிமெண்டில் ஓட வேண்டும், செம்மண்ணைப் பிடிக்க வேண்டும், ஈர வேரில் வழுக்கக்கூடாது, தாரில் இழுக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு டயர் கொடு என்றேன். அப்படி ஒரு டயர் உலகத்தில் இல்லை, எதையாவது ஒன்றை விட்டுக் கொடுக்கத்தான் வேண்டும் என்று அவர் மலாயில் சொன்னார். எதையும் விட முடியாது என்று நான் சத்தம் போட்டேன். அவரும் சளைத்தவர் இல்லை, மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார்.

கடைசியில் அவர் வழிக்குத்தான் வந்தேன். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு வேறு ஒன்று. முன் டயர் அகலமானது. கட்டைகள் உயரமாக, இடைவெளி விட்டு நிற்கும், சேறு ஒட்டினாலும் உதறிவிடும். ரப்பர் மெதுவானது, நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்தது. திருப்புவதும் பிரேக் பிடிப்பதும் முன்சக்கரத்தின் வேலை, வேரைக் கடிக்க வேண்டியதும் அதுதான் என்றார் தவுக்கே. பின் டயர் கொஞ்சம் கெட்டி. கட்டைகள் குட்டையாக, நெருக்கமாக இருந்ததால் தாரில் சீக்கிரம் தேயாது, ஓரமும் தடிப்பு, கல் கிழிக்காது.

என் வீட்டுக்காரர் இரண்டையும் வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். விரலால் மடக்க முடிகிற டயர் எல்லாம் ஒரு டயரா என்பது அவர் கேள்வி. மூலையில் கிடந்த வழுவழுப்பான, தடிமனான ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து இதுதான் உழைக்கும் என்றார். இதைப் போட்டால் ஒரு வாரத்தில் மிச்சப் பல்லும் போகும் என்று சொல்லி, அதைப் பிடுங்கி மூலையிலேயே எறிந்தேன். தவுக்கே எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, என்னைப் பார்த்து முக்கியமான விஷயத்தைச் சொன்னார். டயரைக் கல் மாதிரி வைக்காதே. பெருவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். அப்போதுதான் டயர் வேரின் மேல் படிந்து பிடிக்கும், இல்லாவிட்டால் பந்து மாதிரி துள்ளித் தூக்கி எறியும். என் வீட்டுக்காரர் அதற்குள் லோரியில் ஏறி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் புது டயர்களுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தவர் அவர்தான். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து, சைக்கிளைத் தன் கையாலேயே தள்ளி நசுக்கினார். பழம் சரியாக நசுங்கவில்லை என்று காலாலும் மிதித்தார். பிறகு நான் கைப்பம்பில் காற்று அடித்து, பெருவிரலை அழுத்திப் பார்த்து, தவுக்கே சொன்ன அளவில் நிறுத்தினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனது மாதிரி நான் ஒருநாளும் போனதில்லை. என் பல்லை உடைத்த அதே வேரின் மேல் முன்சக்கரம் அப்படியே ஏறி இறங்கியது. திரும்பிப் பார்த்து அந்த வேரை இன்னொரு தடவை திட்டிவிட்டு வந்தேன். அன்று ராத்திரி சோறு கூட ருசியாக இருந்தது.

அடுத்த தடவை எல்லாம் தலைகீழ். செம்மண்ணில் பின்சக்கரம் துள்ளியது, சின்னக் கல்லெல்லாம் முதுகில் வந்து குத்தியது. காட்டில் ஒவ்வொரு வேரும் என்னைப் பக்கவாட்டில் தள்ளியது. முழங்கை தேய்ந்தது, கன்னத்தில் முள் கிழித்தது. ரத்தத்தைப் பேக்டரி பைப்பில் கழுவி, நீளக் கை சட்டை போட்டு மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கன்னத்துக்குப் பூனையைச் சொன்னேன். தவுக்கேவுக்குப் போன் போட்டு, ஏமாற்றிவிட்டாய் என்று கத்தினேன். காற்றைப் பார் என்றார் அவர். காற்று நான் வைத்தது, எனக்குத் தெரியும் என்று சொல்லிப் போனை அடித்து வைத்தேன். டயர் புதுசு, ரப்பர் இறுகியிருக்கிறது, ஓட ஓடச் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சரியாகவில்லை. மழை விட்ட ஒரு சாயங்காலம், காட்டுப் பாதை செங்குத்தாக இறங்கும் இடத்தில், முன்சக்கரம் வேரில் பட்டு எகிறியது. பிரேக்கை இறுக்கினேன், அது என்னைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டது. வெட்டி விட்டிருந்த மரத்தின் அடிக்கட்டையில் தோள் மோதியது. உள்ளே எலும்பு உடைந்த சத்தத்தை என் காதாலேயே கேட்டேன். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணை மூட, ஒரு கையால் சைக்கிளை இழுத்துக்கொண்டு தேயிலை வரைக்கும் வந்து விழுந்தேன். மருந்தடிக்க வந்த பங்களாதேஷ் ஆட்கள்தான் தூக்கினார்கள். சைக்கிளை வீட்டில் கொண்டுவந்து விட்டதும் அவர்கள்தான்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் நெற்றிக்குத் தையல் போட்டு, கையைக் கழுத்தோடு கட்டி அனுப்பினார்கள். வீட்டுக்காரர் வந்து லோரியில் ஏற்றிக்கொண்டார். வழி மறித்தவர்களைப் பார்த்து ஹார்ன் கூட அடிக்கவில்லை. தட்டை எறிந்திருந்தால் கூட எனக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

மறுநாள் விடிகாலை கண் விழித்தபோது பக்கத்தில் அவர் இல்லை. அடுப்படியில் பராங் மாட்டுகிற ஆணி வெறுமையாக இருந்தது. கட்டிய கையோடு, செருப்பு கூடப் போடாமல் பின்பக்கக் கொட்டகைக்கு ஓடினேன். வெட்டினால் என் கையையும் சேர்த்து வெட்டட்டும் என்றுதான் ஓடினேன்.

பராங் சுவரில் சாய்ந்திருந்தது. அவர் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் லோரியின் காற்றுக் குழாய். அதன் வாயை என் முன்சக்கரத்து வால்வில் வைத்து அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு காலையும் லோரி டயர்களை இரும்புக் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அதே கம்பியால் என் டயரைத் தட்டினார். கணீரென்றது. அவருக்குத் திருப்தி.

"என்ன செய்றீங்க?"

"வெட்டத்தான் வந்தேன். தொட்டுப் பார்த்தா காத்து கம்மியா இருக்கு. நேத்து அடிச்சது, எறங்கிப் போயிருக்கு. இப்படி இருந்தா விழாம என்னா செய்வ?"

"நேத்து அடிச்சீங்களா?"

"தெனமும்தான் அடிக்கிறேன். புது டயர்ல நீ மொதல்ல போயிட்டு வந்த அந்த ஞாயித்துக்கெழமைக்கு அப்புறம். உனக்கு அடிக்கத் தெரியல லா, பொதுபொதுன்னு விட்டு வச்சிருந்த."

என் கண்ணெதிரே எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. துள்ளிய சக்கரம், முழங்கை, தவுக்கேயிடம் கத்தியது, அடிக்கட்டை. நல்ல கையால் குழாயைப் பிடுங்கி அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். இரண்டாவது அடியும் வைத்தேன். அவர் தடுக்கவில்லை. கல் மாதிரி காற்று அடித்ததால்தான் வேர் என்னைத் தூக்கி எறிந்தது, என் எலும்பை உடைத்தது நீங்கள்தான் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் கம்பியைக் கீழே வைத்தார்.

"எங்கப்பா லோரியில டயர் ஒன்னு பொதுக்குன்னு இருந்துச்சு," என்றார். "சாயங்காலம் வந்து அடிச்சிக்கலாம்டான்னு சொல்லிட்டு ஏறுனாரு."

அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியதில்லை. கோலா தெர்லா வளைவில் டயர் வெடித்து லோரி கவிழ்ந்ததும், பள்ளிக்கூடச் சட்டையோடு இவர் ஓடிப்போய், முட்டைக்கோஸ்களைத் தள்ளித் தள்ளி அப்பாவைத் தேடியதும் எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். டயரில் காற்று குறைவாக இருந்தது மட்டும் தெரியாது. இத்தனை வருஷம் கூட இருந்தும் அதை என்னிடம் சொல்லவில்லையே என்று அதற்கும் சேர்த்து ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது.

ஆனாலும் நான் விடவில்லை. சைக்கிளுக்கு முன்னால் உட்கார்ந்து, வால்வை நகத்தால் அழுத்தினேன். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. ரோட்டில் மூக்கை உடைக்கிற மனிதர், அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் காதைப் பொத்தினார். நிறுத்து என்றார். நான் நிறுத்தவில்லை. அவர் பராங்கை எடுத்தார். அப்போதும் நான் விரலை எடுக்கவில்லை.

சுவரில் மாட்டியிருந்த பழைய டயர்களை இழுத்துக் கீழே போட்டு அவற்றை வெட்டினார். விறகுக்கட்டையின் மேல் வைத்து வெட்டினார், ரப்பர் துள்ளத் துள்ள, உள்கம்பி தெறிக்கத் தெறிக்க வெட்டினார். கையில் ரத்தம் வந்த பிறகும் விடவில்லை. சீறல் நின்றபோது அவரும் நின்றார். முனியாண்டி மேடை இருக்கும் பக்கம் திரும்பி, சைக்கிள வெட்டிட்டேன் என்று மட்டும் சொன்னார். துண்டுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு பேக்டரி பாய்லருக்குப் போனார்.

எலும்பு கூடி, கை இறங்கி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு ஒரு பேக்டரி விடுமுறை நாள் காலையில் சைக்கிளை வெளியே எடுத்தேன். அவர் வாசலில் நின்றார். கிட்டே வந்து, முன்சக்கரத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினார். விரல் கொஞ்சம் உள்ளே போனது. குழாய் பக்கத்திலேயே கிடந்தது, எடுக்கவில்லை.

காட்டில் என்னைத் தூக்கி எறிந்த இறக்கத்தில் நின்று நிதானித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். டயர் வேரின் மேல் படிந்து, பிடித்து, விட்டது. காது வரைக்கும் சேறோடு வீடு திரும்பியபோது லோரி நகராமல் வாசலிலேயே நின்றது. அன்றைக்கு ஏற்ற வேண்டிய முட்டைக்கோஸ் கோலா தெர்லாவில் கிடந்து வாடிக்கொண்டிருக்கும். அவர் எழுந்து வந்து முதலில் டயரை அழுத்திப் பார்த்தார். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார்.

"நாளைக்கும் இவ்வளவு காத்துதானா?"

"இவ்வளவுதான்."

"அன்னைக்கே இந்த சைக்கிள வெட்டிப் போட்டிருக்கணும்," என்று சொல்லிவிட்டு, கம்பியை எடுத்துக்கொண்டு லோரி டயர்களைத் தட்டப் போனார்.