கேட்டுக்கு வெளியே ஒரு தாலி

அந்த கேட்டுக்கு எதிரே சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தவன் நான், ஜம்புலிங்கம். ஆவடிப் பக்கம் ராணுவக் கிடங்குகளுக்குப் பஞ்சமில்லை. இது எது என்று நோண்டாதீர்கள். காலையில் சங்கு ஊதுவதற்கு முன்னால் அங்கே பெரிய கூட்டம் நிற்கும். நிரந்தர ஆட்கள் அட்டையை நீட்டிவிட்டு ஒரு பக்கமாகப் போய்விடுவார்கள். இன்னொரு பக்கம் கான்ட்ராக்ட் ஜனம். பருத்திப்பட்டிலும் மேனாம்பேட்டிலும் நாற்று நட்டவர்கள், வயலெல்லாம் பிளாட்டான பிறகு இந்த வரிசைக்கு வந்தவர்கள். காவல்காரன் உடம்பைத் தடவுவான், பிளாஸ்டிக் சோற்றுத் தூக்கைத் திறந்து குச்சியால் கிளறுவான். சங்கு ஊதினால் கேட்டை மூடிவிடுவான், அன்றைக்கு வேலை போச்சு. அதனால் வரிசையில் ஒருவருக்கும் கால் ஓரிடத்தில் நிற்காது.

உள்ளே இருப்பது வெடிமருந்து. தீப்பெட்டி, பீடி, இரும்பு எதுவும் போகக்கூடாது. எல்லாம் என் தகரப் பெட்டியில்தான் வந்து விழும். பெண்கள் தாலிச் சரட்டில் கோத்திருக்கும் ஊக்குகளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போவார்கள். சாயந்திரம், "இது என் ஊக்கு இல்ல, என்து பெர்சு" என்று என் உயிரை எடுப்பார்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததே, அந்த வருஷம் கெடுபிடி தலைக்கேறியது. ஒரு துணி மறைப்புக் கட்டி, உள்ளே ஒரு அம்மாளை நிறுத்தி, உலோகம் பட்டால் கீச்சென்று கத்துகிற கருவி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். தாலியே உள்ளே வரக்கூடாது என்றார்கள். தங்கத்தில் எங்கேயாவது நெருப்புப் பொறி பறக்குமா ஐயா? கேட்டேன். "ஜாவ், ஜாவ்" என்று துரத்தினான் காவல்காரன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சும்மாவா!

மற்ற பெண்கள் ஒருநாள் அழுதார்கள், மறுநாள் வழி கண்டுபிடித்தார்கள். தாலி அடகுக்குப் போனால் செய்கிறதுதான்: மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கோத்துப் புருஷன் கையால் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். கருவி கத்தவில்லை. கெங்கம்மாளை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கெங்கம்மாள் பருத்திப்பட்டுக்காரி. உள்ளே காலிப் பெட்டிகளைத் துடைத்து அடுக்குகிற வேலை. அவள் புருஷன் வேம்புலி லாரியில் கிளீனராக இருந்தவன். பம்பாய்க்கு லோடு போகிறேன் என்று கிளம்பினவன்தான். அப்போது தூளியில் கிடந்த மகள் பேபி இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவன் செத்துவிட்டான் என்று யாராவது சொன்னால் போதும், கெங்கம்மாள் அவர்கள் பரம்பரையையே இழுப்பாள்.

அன்றைக்கு என் ஸ்டாண்டு ஓரத்தில் நின்று பொருமினாள்.

"நீயும் மஞ்சக் கெழங்கு கட்டிக்கினு வாயேம்மா" என்றேன்.

"யாரு கட்டறது? நீ கட்றியா அண்ணாத்தே?"

நான் திரும்பி ஒரு சைக்கிளை நகர்த்தி வைத்தேன்.

"அத்தக் கயட்டினா அவரு பூட்டாருன்னு நானே ஒத்துக்கினாப்பல. மாட்டேன்" என்றாள்.

மேஸ்திரி கோதண்டம் வந்தான். ஆள் சேர்ப்பதும் நீக்குவதும் அவன்தான். "இன்னா கெங்கா, நாளைக்குக் கயட்டிட்டு வர்றியா, பாஸத் திருப்பிக் குடுக்கறியா? உன் எடத்துக்கு பத்து பேரு லைன்ல கீறாங்கோ" என்றான். அவன் போன பிறகு பாஸை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள். அந்த வேலை போனால் மறுநாளே அவள் வீட்டு அடுப்பு எரியாது, பேபி பள்ளிக்கூடம் போக முடியாது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் கடைசி ஆளாக வந்தாள். வரிசை உள்ளே போய்க்கொண்டிருந்தது. கிழக்கே திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். தாலிச் சரடு தலைமுடியில் சிக்கியது. கழற்றி, கண்ணில் ஒற்றி, என் பெட்டிக்குள் தீப்பெட்டிகளுக்கு நடுவில் வைத்துவிட்டு ஓடினாள். அவள் போனதும் சங்கு ஊதியது.

அன்றைக்கு நான் பட்ட பாடு! சாப்பிடப் போகவில்லை, ஒன்றுக்குப் போகவில்லை. ஒருவன் பீடி கேட்டுப் பெட்டியில் கைவைத்தான், அடிக்கப் போய்விட்டேன். சாயந்திரம் வெளியே வந்தவள் ஓட்டமாக ஓடிவந்து எடுத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஆடி போய் ஐப்பசி வருவதற்குள், மழைக்குக் கூரை ஒழுகிய கதையைப் பேசிக்கொண்டே கழற்றிப் போடுவாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? 'கெங்கம்மா தாலிய அறுத்துட்டாளாம், சைக்கிள் ஸ்டாண்டுக்காரங்கிட்ட குடுத்துட்டாளாம்' என்று பேச்சு கிளம்பி, பூந்தமல்லி ரோடு வரைக்கும் போயிருக்கிறது.

ஒருநாள் சாயந்திரச் சங்கு ஊதுகிற நேரத்துக்கு ஒருத்தன் வந்து என் சட்டையைப் பிடித்தான். நரைத்த தலை, எண்ணெய்க் கறை லுங்கி. "எங்கடா அவ தாலி?" என்றான். அதற்குள் கெங்கம்மாள் வெளியே வந்துவிட்டாள். அவனைப் பார்த்ததும் கையிலிருந்த தூக்கு கீழே விழுந்தது.

"நான் உசுரோட கீறேன், நீ தாலியக் கயட்டுவியா?" என்று கத்தினான் வேம்புலி.

அவள் முகத்தில் அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. "எங்கய்யா இருந்த இத்தினி வருசமா? பம்பாயிலயா?"

"பம்பாய் இன்னா பம்பாய்! வேலப்பன்சாவடில, லாரி ஷெட்ல. ஊரே சிரிக்குது, மானம் போவுது."

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலப்பன்சாவடி! ஒரு பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். பேபிக்கு அம்மை போட்டபோது, கூரை பறந்தபோது, அவன் அங்கேதான் இருந்திருக்கிறான். கெங்கம்மாள் முகத்தில் வந்த சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது.

கூட்டம் கூடிவிட்டதும் அவன் குரலைத் தாழ்த்தினான். "செரி வுடு. நாளைக்கே மஞ்சக் கெழங்கு வாங்கியாந்து என் கையால கட்டறேன். இப்ப அத்த எட்த்துப் போடு."

நான் பெட்டியைத் திறந்து தாலியை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. குனிந்து தூக்கை எடுத்து மண்ணைத் தட்டினாள்.

"உள்ளயே வையி அண்ணாத்தே. நாளைக்கு எப்டியும் கயட்டணும்" என்றாள்.

பருத்திப்பட்டுப் பக்கம் விறுவிறுவென்று நடந்தாள். அவன் கொஞ்ச தூரம் பின்னாலேயே போனான், பிறகு ரோட்டோரம் நின்றுவிட்டான். மறுநாள் காலை கெங்கம்மாள் வெறுங்கழுத்தோடு என் பெட்டியைத் தாண்டி நேரே வரிசைக்குப் போனாள். நான்தான் அன்றைக்கு, தாலி கிடக்கிற அந்தப் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கினேன்.