என் வானத்தை நக்கியவன்

என் ஆரம்பகால ஓவியங்களைப் பார்க்க வேண்டும் என்று போன மாதம் கொழும்பிலிருந்து ஒரு பெண் பதுளைக்கு வந்திருந்தாள். கையில் கெமரா, முகத்தில் பயபக்தி. "அதெல்லாம் பிள்ளைங்க தின்னுட்டாங்கம்மா" என்றேன். பாவம், அதில் ஏதோ தத்துவம் இருப்பதாக நினைத்துக் குறிப்பெழுதத் தொடங்கினாள். நான் சொன்னது வாயில் போட்டு மென்று விழுங்குவதை.

அப்போது ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தோம். கணவருக்குக் கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை. மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டு. படம் வரையக் கடையில் வாங்கிய பச்சைச் சாயத்தை மகள் ஒருநாள் மடமடவென்று குடித்துவிட்டாள். டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த ஐயா அவள் நாக்கைப் பார்த்துவிட்டு, "ஒன்னும் ஆகாதும்மா, நாளைக்குப் பச்சையாப் போகும், பயந்துறாத" என்றார். பச்சையாகத்தான் போயிற்று. அன்றோடு கடைச் சாயத்துக்கு முழுக்குப் போட்டேன்.

பிறகு எல்லாம் அடுப்படியில்தான். மஞ்சள், பீட்ரூட், வல்லாரைச் சாறு, திக்கான தேயிலைச் சாயம், கறுப்புக்கு அடுப்புக்கரி. ஒட்டுவதற்கு அரிசிமாக் கஞ்சி. காய்ந்து வெடிக்காமலிருக்க அதில் கொஞ்சம் சீனி. தின்றாலும் ஒன்றும் ஆகாது என்று நான் செய்த ஏற்பாட்டைத் தின்னலாம் என்று பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். படத்தைச் சுவரில் மாட்டினால் எறும்பு, கீழே வைத்தால் மகன்.

அந்த நாளில்தான் பதுளையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி, யாரும் ஒரு படம் கொண்டுவரலாம் என்று கேள்விப்பட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. லயத்தில் நான் இன்னாரின் சம்சாரம், இன்னாரின் அம்மா. கிளினிக் அட்டையைத் தவிர வேறெதிலும் என் பெயரை யாரும் எழுதியதில்லை. டவுன் சுவரில், ஒரு படத்துக்குக் கீழே, என் பெயர் தனியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. வெறி என்றே சொல்லலாம்.

ஒரு வாரம், பிள்ளைகள் தூங்கும் மத்தியானங்களில் வரைந்தேன். தேயிலை மலை, அதற்கு மேலே அந்தி வானம், மஞ்சளோ மஞ்சள். கண்காட்சியன்று காலை சேலை கட்டிக்கொண்டு திரும்பினால், மகன் படத்துக்கு முன்னால் குந்தியிருக்கிறான். மலையுச்சியிலிருந்து வானத்தில் பாதியைக் காணவில்லை. அடிக்கக் கை ஓங்கினேன். சிரித்தான். நாக்கு, மூக்கு, தாடை எல்லாம் என் அந்தி வானம்.

கணவர் எட்டிப் பார்த்தார். "பனிமூட்டம் எறங்குன மாதிரிதான் இருக்கு புள்ள. வா, பஸ்சு போயிரும்."

குடும்பமாகப் பஸ் ஏறினோம். நான் அழுதுகொண்டே, மகனுக்கு எட்டாதபடி படத்தைத் தலைக்கு மேல் பிடித்திருந்தேன்.

மண்டபத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்துச் சித்திர மாஸ்டர் ஒருவர். படத்தை மாட்டி, என் பெயரை ஓர் அட்டையில் எழுதிக் கீழே ஒட்டினார். கறுப்பு மையில், தனியாக. பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பிறகு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இந்த மூட்டத்தை எப்பிடித் தங்கச்சி செய்தனீங்கள்? விளிம்பே தெரியேல்லை" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், இடுப்பிலிருந்த மகன் எட்டி மிச்ச வானத்தில் ஒரு நக்கு நக்கினான்.

"பிள்ளையைப் பிடியுங்கோ, படம் பழுதாப் போயிடும்."

சும்மா இருந்திருக்கலாம். சிரிப்பு வந்துவிட்டது. "பழுதாகாதுங்க மாஸ்டர். அந்த மூட்டமும் இவன் நக்குனதுதாங்க."

மாஸ்டர் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தார், அவன் நாக்கைப் பார்த்தார். பேனாவை எடுத்து, "தம்பியின்ரை பேரென்ன?" என்று கேட்டு என் பெயருக்குப் பக்கத்தில் எழுதினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு நாள் நான் வரைந்தேன், இரண்டு நிமிஷம் அவன் நக்கினான், ஆளுக்குப் பாதியா? கேட்க வாயெடுத்தேன். மகள் முந்திக்கொண்டாள். "கஞ்சி கிண்டுனது நானு." அவள் பெயரும் ஏறியது. பின்னால் நின்ற கணவர் தொண்டையைச் செருமினார். "பீட்ரூட்டு துருவுனது யாருன்னு மாஸ்டர் கேக்கவே இல்லீங்களே." அட்டையில் இடமில்லாமல் அவர் பெயர் ஓரத்தில் மேலிருந்து கீழாகத் தொங்கியது. நாங்கள் சிரித்த சிரிப்பில் வாசலில் நின்றவர்களெல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். கடைசியில் மாஸ்டரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு கொழும்பில் மூன்று தடவை என் படங்களை மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் கீழும் என் பெயர் மட்டும், அச்செழுத்தில். கேட்ட வரம் கிடைத்ததே என்று போய் முன்னால் நிற்பேன். சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் இடுப்பில் கனமே இருக்காது. இதில் எனக்கும் பங்கு உண்டு என்று சண்டைக்கு வரப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.