கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கினோம்

எனக்கு வாய் நீளம் என்று தோட்டமே சொல்லும். அப்படிப்பட்ட எனக்கே பேச்சு வராமல் போன நாள் ஒன்று உண்டு.

எழுபதுகளின் நடுவில், இலங்கையில் லக்கலைக்குப் போகும் பாதையில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. தோட்டத்தை நடத்திய துரை போய்விட்டார். ஒரு நாள் கொழுந்து எடுக்கக் கூப்பிடுவார்கள், இரண்டு நாள் சும்மா இருக்கச் சொல்வார்கள். பக்கத்துத் தோட்டத்துச் சனங்களைத் துரத்திவிட்டார்கள் என்றும், அவர்கள் மாத்தளை பஸ் ஸ்டாண்டில் சட்டி பானையோடு கிடக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டோம். அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். அப்பாவுக்கும் எனக்கும் மிச்சம் இருந்தது லயம் என்கிற வீட்டு வரிசையில் ஓர் ஒற்றை அறைக் காம்பரா. இந்த நாட்டுக் குடியுரிமையும் கிடையாது, இந்தியாவுக்குப் போகவும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவில்லை. அந்தக் காம்பராவை விட்டால் எங்கே போவது? வேலை இருக்கும்வரைதான் காம்பராவும் இருக்கும். அது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதனால்தான், லயத்துக்கு மேலே உள்ள கிழட்டுத் தேயிலையையெல்லாம் வேரோடு பிடுங்கச் சொல்லி, எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை வந்தபோது அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. தோட்டத்தில் பிறந்தவனுக்கு அந்த உத்தரவின் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். பழையதைப் பிடுங்குவார்கள், புல் நட்டு நிலத்தை ஆற வைப்பார்கள், அப்புறம் நாற்று வளர்க்கும் தவறணையிலிருந்து புதுக் கன்று கொண்டுவந்து நடுவார்கள். வருடக்கணக்கில் வேலை.

"இனிமே நம்மள யாரும் அசைக்க முடியாது தாயி," என்றார். "புதுக்கன்ன வளக்க ஆளு வேணும்ல?"

எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். அலவாங்குக் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினோம், கயிறு கட்டி இழுத்தோம். அத்தனை செடிகளுக்கும் காலமெல்லாம் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டியவர் அப்பா. ஒவ்வொன்று சாயும்போதும், "கெழவி போறா, கொமரி வரப்போறா," என்று அவர் கிண்டல் பண்ணுவார். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். மலை மொட்டையானதும், மழை மண்ணை வாரிக்கொண்டு போய்விடுமே என்று, யாரும் சொல்லாமலே அவர் தண்ணீர் வடியக் கான் வெட்டவும் ஆரம்பித்துவிட்டார்.

ஒரு காலை லொறிச் சத்தம் கேட்டது. புல்லு வந்துவிட்டது என்று சொல்லித் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு அப்பா இறங்கி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

லொறியில் புல் இல்லை. கூரைத் தகரமும் கம்புகளும் இருந்தன. அவற்றின் மேல் பல்லேபொலப் பக்கத்துச் சிங்களக் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. காணி இல்லாத ஏழைகள். ஒருத்தி மடியில் குழந்தையும், கால் கட்டிய கோழியும் வைத்திருந்தாள். மலையைத் துண்டுபோட்டு அவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது, லயமும் அவர்களுக்குத்தான் என்று கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அப்பாவுக்கு அது மண்டையில் ஏறவே இல்லை.

"அப்ப புல்லு எப்பங்க வரும்?" என்று கேட்டார்.

"புல்லும் வராது, கன்னும் வராது. தேயிலையே இல்லாத மலைக்குத் தோட்டத்து ஆளு எதுக்குப்பா?"

அடப்பாவிகளா! தேயிலை நின்றிருந்தால் கொழுந்து எடுக்கவாவது நாங்கள் தேவைப்பட்டிருப்போம். அதைச் சிரித்துச் சிரித்துப் பிடுங்கிப் போட்டது நாங்களேதான். அந்தப் பெண் எங்கள் காம்பராவைக் காட்டி, அது யாருடைய வீடு என்று சிங்களத்தில் கேட்டாள். எனக்குச் சிங்களம் தெரியும். ஆனால் வாய் திறக்க முடியவில்லை.

சாமான் இறக்கிக் கொடுக்கிறவர்களுக்கு இன்றைக்குப் பேர் போடுகிறேன், அதாவது ஒரு நாள் சம்பளம் உண்டு என்றார் கணக்கப்பிள்ளை. ஒருவரும் அசையவில்லை. அப்பா கொஞ்ச நேரம் மொட்டை மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலைப்பாகையை அவிழ்த்துச் சும்மாடு கட்டினார். வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்தேன்.

"தூக்கு தாயி," என்றார். "இன்னைக்கு வேலை இருக்குல்ல."

தகரத்தின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறு முனையை நான் பிடித்தேன். எங்கள் காம்பரா வாசலில் கொண்டுபோய் இறக்கி வைத்தோம்.