குதிகாலும் கல்யாண அழைப்பும்

போன வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, காயல்பட்டினத்தில் என் மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த நேரத்தில் நடந்தது இது. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டே மாதம். எனக்கோ இடது குதிகால் வலி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைப்பதற்குள் உயிர் போய்த் திரும்பும். பத்து அடி நடந்தால் கொஞ்சம் குறையும். உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். செங்கல்லைச் சூடாக்கி, எருக்கிலை வைத்து மிதித்துப் பார்த்தேன். மாத்திரை, ஊசி, செருப்புக்குள் வைக்கிற மெத்தை எல்லாம் ஆயிற்று. "கால் ஓடலேன்னாலும் உம்மாவுக்கு வாய் நல்லா ஓடுது" என்று என் மகள் கிண்டல் பண்ணுவாள். வலியில் கிடக்கிறவள் சாந்த சொரூபியாக வேறு இருக்க வேண்டுமாக்கும்!

கல்யாண வேலையில் முக்கால்வாசியை உட்கார்ந்த இடத்திலிருந்தே முடித்துவிடலாம், அழைப்பைத் தவிர. எங்கள் சொந்தத்தில் பத்திரிகை கொடுப்பது ஒரு பக்கம் நடக்கும். ஆனால் கல்யாண வீட்டுக்காரி நேரில் போய், உள்ளே உட்கார்ந்து, வாயால் சொன்னால்தான் பெண்களுக்கு அது அழைப்பு. நான் எழுதிய பட்டியல் நூறு வீட்டைத் தாண்டியது.

அதில் ஒரு வீட்டின் பெயரை மட்டும் எழுதாமலேயே வைத்திருந்தேன். அது என் கணவரின் அக்கா வீடு. பின்பக்கத்து முடுக்குச் சந்து வழியாகப் போனால் நாலு வாசல் தள்ளித்தான் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்பு என் மகன் கல்யாணம் அவசரமாக முடிவானபோது, பக்கத்திலேயே இருப்பவர்தானே என்று அவரைப் போனிலேயே அழைத்துவிட்டேன். "போன்ல கூப்பிட்டா போன்லயே கல்யாணத்தைப் பாத்துக்கிடுதேன்" என்று வைத்துவிட்டார். சொன்னபடியே வரவும் இல்லை. சொந்தத் தம்பி மகன் கல்யாணத்துக்கு என்ன வெற்றிலை பாக்கு வைத்தா கூப்பிடணும் என்று எனக்கும் வீம்பு. அதோடு பேச்சு நின்றது.

என் மகள் அந்த அக்காவை 'மாமி' என்று கூப்பிட்டு, அவர் மடியில் வளர்ந்தவள். நாள் குறித்த அன்றைக்கே, "மாமி வரலேன்னா போட்டோவுல நான் சிரிக்க மாட்டேன் உம்மா, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, அறைக்குள் போய் அழுதாள். துபாயிலிருந்து என் கணவர் பேசும்போதெல்லாம், "லாத்தாவை அழைச்சாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. லாத்தா என்றால் அக்கா; நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். கால் சரியாகட்டும், போகிறேன் என்று அவருக்கு நான் சொன்னதில் பாதி உண்மை, பாதி சாக்கு.

தூத்துக்குடியில் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டினோம். பாதத்துக்கு அடியில் ஓடும் தசைப்பட்டை குதிகாலில் சேருகிற இடத்தில் நாள்பட்டுக் கெட்டிருக்கிறது, கத்தி வைக்காமல் ஷாக்வேவ் சிகிச்சை கொடுத்துப் பார்ப்போம் என்றார். வாரத்துக்கு ஒன்றாக ஐந்து முறை. 'ஷாக்' என்றதும் கரண்டு வைக்கப் போகிறார்கள் என்றே நினைத்தேன். பிசியோதெரபி அறையில் இருந்த பெண்ணுக்குச் சாத்தான்குளம். என் மகள் வயதுதான் இருக்கும். "கரண்டெல்லாம் இல்லக்கா, வெறும் அதிர்வுதான்" என்று சிரித்தாள்.

குதிகாலில் குளுகுளுவென்று எதையோ தடவி, கைப்பிடி போன்ற ஒன்றை வைத்து அழுத்தினாள். டக்டக்டக்கென்று அது தட்ட ஆரம்பித்தது. வலி இருக்கிற இடமாகப் பார்த்துத் தட்டும்போது தெரிந்த குர்ஆன் சூராக்களை எல்லாம் ஓதினேன். சில நிமிஷம்தான், முடிந்துவிட்டது. தையல் இல்லை, கட்டு இல்லை, நானே நடந்து பஸ் ஏறினேன். கிளம்பும்போது அந்தப் பெண் நிறையச் சொல்லி அனுப்பினாள். கெண்டைக்காலை இழுத்துவிடும் பயிற்சியைத் தினமும் செய்யணும், குணம் தெரிய ஆறேழு வாரம்கூட ஆகலாம், முக்கியமாக வெறுங்காலோடு தரையில் நடக்கவே கூடாது, வீட்டுக்குள்ளேயும் மெத்தென்ற செருப்பு போட்டுக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

இரண்டாவது முறை முடிந்த மறுநாள் காலையில் வலி பாதிதான் இருந்தது. அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. புர்காவை மாட்டிக்கொண்டு பட்டியலோடு கிளம்பிவிட்டேன். ஒரே முற்பகலில் இருபத்து மூன்று வீடு! ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றினேன். எங்கள் ஊரில் வளைகுடாச் சம்பாத்தியம் முதலில் போய் நிற்கிற இடம் வீட்டுத் தரைதான். எங்கே பார்த்தாலும் பளிங்கு. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. குதிகாலுக்கு அதைவிட எதிரி கிடையாது என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்கே போனேன்.

மூன்றாவது முறை போனபோது, ஒன்றுமே செய்யவில்லை என்று அந்தப் பெண்ணிடம் சாதித்தேன். அவள் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினாள். நான் போட்ட கத்தலில் உண்மை தானாக வெளியே வந்துவிட்டது.

"வெறுங்காலோட நடக்கக் கூடாதுன்னு சொன்னேம்லாக்கா?"

"அடுத்தவங்க வீட்டுக்குள்ள செருப்போட எப்படிம்மா போறது?"

அவளுக்கும் அது புரிந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, வீட்டுக்குள் மட்டும் போடப் புதுச் செருப்பு ஒன்று வாங்கிப் பையில் கொண்டு போங்கள், ஒருநாள்கூடத் தெருவில் போடாதீர்கள், ஒரு நாளைக்கு நாலைந்து வீட்டுக்கு மேல் வேண்டாம் என்றாள். அப்படியே வாங்கினேன். இருந்தாலும், கல்யாணத்துக்கு அழைக்கப் போன இடத்தில் பையிலிருந்து செருப்பை எடுத்து மாட்ட வேண்டுமே என்று நினைத்தாலே கூச்சமாக இருந்தது.

சாக்கு தீர்ந்துவிட்டது. முதலில் போக வேண்டியது அந்த வீட்டுக்குத்தான் என்று முடிவு செய்தேன்.

லாத்தாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் வீட்டில் தரை என்பது தட்டு மாதிரி, சோறு போட்டுச் சாப்பிடலாம். வாசலில் செருப்பைக் கோணலாகக் கழற்றினால்கூடத் திரும்பிப் போய் நேராக வைக்கச் சொல்லுவார். அவர் முன்னால் செருப்போடு நடப்பதாவது! கதவைத் திறந்தவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "வா" என்ற ஒரு சொல்தான் வந்தது. எனக்குப் பையைத் திறக்கத் தைரியம் வரவில்லை. அதை வாசலிலேயே வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனேன்.

அப்போதுதான் துடைத்த தரை. நாலாவது அடியில் குதிகாலில் சுரீரென்று ஏறியது. பக்கத்திலிருந்த நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. மன்னிப்புக் கேட்க எத்தனையோ சொல் சேர்த்துக்கொண்டு போனவள், ஒற்றைக் காலில் நின்றேன்.

"கால்ல என்னளா?" என்றார்.

"குதிகால் லாத்தா. தூத்துக்குடியில மிஷினு வச்சித் தட்டுறாங்க. தரையில வெறுங்காலா நடக்கக் கூடாதாம். செருப்பைப் பையில வச்சிருக்கேன். உங்க வீட்டுக்குள்ள போட பயந்துட்டு வெளியவே வச்சிட்டேன்."

அவர் நேராக வாசலுக்குப் போனார். பையை எடுத்துக் கொடுத்து, வந்த வழியே போ என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். செருப்பை வெளியே எடுத்து, அடியைத் திருப்பிப் பார்த்தார். புதுசுதான் என்று தெரிந்ததும், என் காலடியில் குனிந்து வைத்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர்! நான் பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சோபாவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, ஒரு ஜோடி மெத்தென்ற செருப்பை இழுத்துப் போட்டார். சேலையைக் கொஞ்சம் தூக்கி, ரெண்டு காலையும் அதற்குள் நுழைத்தார்.

"ஒரு வருசமா நானும் இதைப் போட்டுத்தான் நடக்கேன். ஆளு வந்தா உள்ள தள்ளிருவேன். வெளிய எவகிட்டயாவது சொன்னே..."

முடிக்கவில்லை, சிரித்துவிட்டார். ஊரையே செருப்புக்காக விரட்டிய மனுஷி! எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் நின்றோம். கடைசியில், "மவள் கல்யாணத்துக்கு வந்துரணும் லாத்தா, போன வாட்டி நான் செஞ்சது தப்பு" என்று சொல்லி முடித்தேன். அதைக் காதில் வாங்காதவர் போல, "அந்த மிஷினு ரொம்ப வலிக்குமா?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் தூத்துக்குடி பஸ்ஸில் இரண்டு பேராகப் போனோம். டாக்டர் பார்த்துவிட்டு அவருக்கும் அதே சிகிச்சையைச் சொன்னார். ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் ஒரு வருஷமாக ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்தாராம். மிஷின் தட்டத் தொடங்கியதும் என் கையைப் பிடித்தார். அவர் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த ஒருவர் நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டதாகப் பிசியோதெரபிப் பெண் சொன்னாள். திரும்பி வரும்போது பழையகாயல் தாண்டும் வரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

மிச்சப் பட்டியலை, நாளைக்கு நாலு வீடாக, இரண்டு பேருமே சேர்ந்து முடித்தோம். எந்த வீட்டிலும் எங்களை ஒருவரும் தப்பாக நினைக்கவில்லை. நாலைந்து வீட்டில், அந்தச் செருப்பு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள்.

கல்யாணத்தன்று வாசலில் நின்று பெண்களை வரவேற்றவர் லாத்தாதான், பக்கத்தில் நான். அத்தனை நேரம் நின்றும் குதிகால் சொன்ன பேச்சுக் கேட்டது. வலி அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், காலையில் முதல் அடியில் இன்றைக்கும் லேசாக ஞாபகப்படுத்தும். போட்டோவில் என் மகள் மாமி தோளில் சாய்ந்து, பல் அத்தனையும் தெரியச் சிரிக்கிறாள்.

யாரிடமாவது வருத்தம் வந்து, அவர்களே வரட்டும் என்று மனசு முறுக்கிக்கொள்ளும்போதெல்லாம் இப்போது ஒன்று நினைத்துக்கொள்வேன்: கால் நன்றாக இருந்த காலத்தில் நான் போகாத வீட்டுக்கு, நடக்கவே முடியாதபோதுதான் போய்ச் சேர்ந்தேன்.