முதல் தடவை கேட்டால் வேண்டாம்

ஸ்வென்யா என்கிற ஜெர்மன் பெண் மலையாள நாட்டில், கோட்டைக்குள் இருக்கும் பத்மஜாவின் வீட்டுக்கு வந்ததிலிருந்து, பத்மஜா மாரில் கை வைத்து “சிவசிவா” சொல்லாத நாளே கிடையாது.

கல்லூரிக்கும் கல்லூரிக்கும் ஓர் ஏற்பாடு. பத்மஜாவின் மகள் ஜானவி அங்கே ஸ்வென்யாவின் வீட்டில் தங்கிப் படிப்பாள், ஸ்வென்யா இங்கே. “பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம்” என்று கணவர் நாகேஸ்வரன் ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். பத்மஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பெண்ணை நாம் எப்படிப் பார்த்துக்கொள்கிறோமோ, அப்படித்தான் அங்கே நம் குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவள் நம்பிக்கை. ஆகவே அவள் தட்டில் போட்டாள், போட்டாள், போட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பெண்ணோ சாப்பாட்டின் நடுவில் சங்கு ஊதுகிற மாதிரி மூக்கைச் சிந்தும். சும்மா புத்தகம் படிப்பதற்கும் அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும். பழவங்காடியில் கடை வைத்திருக்கும் ஜெயலக்ஷ்மி மாமி பாயசம் கொண்டுவந்து, “எப்படி இருக்கு?” என்று ஆசையாகக் கேட்டபோது, “சர்க்கரை ரொம்ப அதிகம்” என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டது. மாமி அதற்கப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை.

இதெல்லாம் ஒன்றுமேயில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்கால டிபன் வேளையில் தெரிந்தது.

அன்று அடை. “இன்னொண்ணு போடட்டுமா?” என்றாள் பத்மஜா. போதும் என்பதற்குக் கேன்டீனில் கற்ற மலையாளத்தில், “மதி, ஆன்ட்டி” என்றாள் ஸ்வென்யா. பத்மஜா போட்டாள். மறுபடியும் “மதி.” மறுபடியும் போடப் போனாள். அந்தப் பெண் இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டது. கண்ணில் நீர்.

“ஆன்ட்டி, நான் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்” என்றாள் இங்கிலீஷில். “ஏன் என்னை நம்பவே மாட்டேன் என்கிறீர்கள்?”

“அதெப்படி? மொதல்ல எல்லாரும் வேண்டாம்னுதானே சொல்லுவா?”

“எங்கள் வீட்டில் ஒரே தடவைதான் கேட்போம். வேண்டாம் என்றால் பாத்திரத்தை மூடிவிடுவோம். திரும்பக் கேட்டால் மரியாதைக் குறைவு.”

பத்மஜாவின் கையில் தோசைத்திருப்பி அப்படியே நின்றது.

“அப்போ ஜானவி? அவ உங்காத்துல என்ன சொல்றா?”

“ஜானவியா? அவளுக்குப் பசியே எடுப்பதில்லை என்று அம்மா ஆச்சரியப்படுகிறாள். எதைக் கேட்டாலும் வேண்டாம்தான்.”

அடுத்தவர் வீட்டில் முதல் தடவை கேட்டதுமே தலையாட்டினால் பறக்காவெட்டி என்று நினைப்பார்கள். ரெண்டாம் தடவை கேட்கட்டும், மூணாம் தடவை வாங்கிக்கோ. தொடையில் கிள்ளிக் கிள்ளிப் பத்மஜா சொல்லிக் கொடுத்த பாடம் அது. பெண் ஒழுங்காகத்தான் கற்றிருக்கிறது, பாவி!

உடனே வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஜானவியின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. வாரா வாரம் பார்த்தும் இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று?

“நீ வயிறு ரொம்பச் சாப்பிடறயோடி? நெஜத்தைச் சொல்லு.”

ஜானவியின் உதடு கோணியது. “மறுபடி கேப்பா, கேப்பான்னு பாத்துண்டே இருக்கேம்மா. ஒருத்தருமே கேக்க மாட்டேங்கறா. நீ குடுத்த முறுக்கும் தீந்துபோச்சு.”

“வேணும்னு வாயைத் தெறந்து சொல்லுடி!”

அப்போது திரையில் ஒரு கை உருளைக்கிழங்குக் கிண்ணத்தை நீட்டியது. ஸ்வென்யாவின் அம்மா ஏதோ கேட்டாள். பத்மஜா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஜானவி சிரித்தாள். “நோ, தேங்க் யூ.”

கிண்ணம் விலகியது.

“ஐயோ!” என்று பத்மஜா அலறியதில் நாகேஸ்வரன் வாசலிலிருந்து ஓடிவந்தார். ஸ்வென்யா போனைப் பிடுங்கி ஜெர்மன் மொழியில் ஏதோ கத்தினாள். பிறகு அந்த அம்மாள் தன் மாரில் கை வைத்துக்கொண்டது தெரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. தன் வீட்டில், தன் மேஜையில், ஊரான் குழந்தை ஒன்று பசியோடு எழுந்து போயிருக்கிறது.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கரண்டியை எடுத்து ஜானவியின் தட்டில் போட்டாள். இன்னொரு கரண்டி போட்டாள். ஜானவி தலை நிமிராமல் தின்றாள்.

“அம்மா கேட்காமலே போடுகிறாள்!” ஸ்வென்யா வாய் பிளந்தாள். “இப்படி நான் பார்த்ததே இல்லை.”

“போடட்டும்” என்றாள் பத்மஜா.