நோன்புக்கு முன் கழுவிய சம்ப்

கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டு கடல் மீன் வளர்ப்பவனை என்னவென்று சொல்வது? என் மகனைப் பைத்தியம் என்றுதான் நான் சொன்னேன். கீழே பஜாரைப் பார்த்து எங்கள் பாத்திரக்கடை, மேலே வீடு. வீட்டின் முன்னறையில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதில் உப்புத் தண்ணீர், அதற்குள் ஐந்து மீன்கள். இந்த ஊரில் மனுசனுக்கே இரண்டு கம்பளி போதாது. மீனுக்கு ஹீட்டர் போட்டிருந்தான்.

தொட்டிக்கு அடியில், மரப்பெட்டிக்குள், இன்னொரு சின்னத் தொட்டி. அதை சம்ப் என்பான். மேலே இருக்கிற தண்ணீர் குழாய் வழியாக அதில் இறங்கி, மூன்று அறைகளைத் தாண்டி, மோட்டாரில் ஏறி மறுபடி மேலே போகும். மீன் தின்றதில் மிச்சம், கழித்தது எல்லாம் அந்த அறைகளின் அடியில் பழுப்பாகப் படிந்து கிடக்கும். அதை அவ்வப்போது உறிஞ்சி எடுக்காவிட்டால் தண்ணீர் கெட்டுப்போகும்.

பட்டம் வாங்கியவன், ஷார்ஜாவில் பெரிய வீடுகளில் மீன்தொட்டி பராமரிக்கிற வேலை கிடைத்திருக்கிறது என்று வந்து நின்றான். கடையை அவன் கையில் கொடுத்துவிட்டு உட்காரலாம் என்று நான் மனக்கோட்டை கட்டியிருந்த நேரம். "மீன் பீயக் கழுவுறதுக்கா ஒன்னப் படிக்க வச்சேன்?" என்று கேட்டேன். கடையில் ஆட்கள் நின்றார்கள். எனக்கு வினை எப்போதும் வாயால்தான். அடித்திருந்தால்கூட மறந்திருப்பான் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

போய்விட்டான். ஒன்றரை மாதம் என்னிடம் பேச்சில்லை, அம்மாவிடம் மட்டும் பேசுவான். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து வெளியே வருகிறேன், என் போனில் அவன். "அத்தா, மீனெல்லாம் எப்படி இருக்குங்க?" கடைத்தெரு என்றும் பாராமல் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லா இருக்குப்பா. நாந்தான் பாத்துக்கிறேன்" என்று புளுகினேன். அதுவரை அதற்குத் தீனி போட்டது என் மனைவி.

புளுகை மெய்யாக்க வேண்டுமே. அன்றிலிருந்து தொட்டி என் பொறுப்பு. வாராவாரம் அவன் கூப்பிட்டான், சம்ப்பைச் சுத்தம் செய்கிற விதத்தைப் போனிலேயே சொல்லிக்கொடுத்தான். மோட்டாரை நிறுத்த வேண்டும். டியூபின் ஒரு முனையை அறையின் அடியில் வைத்து, மறுமுனையை வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்துக் கீழே வாளியில் விட்டால் கசடோடு தண்ணீர் இறங்கிவிடும். வாரத்துக்கு ஓர் அறைதான், அதற்கு மேல் தொடக் கூடாது. அறையில் கிடக்கிற கற்களைக் கழுவவே கூடாது, மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுகிற கிருமிகள் அந்தக் கற்களில்தான் குடியிருக்கின்றன என்றான். எவர்சில்வரைப் பளபளவென்று துடைத்து அடுக்கியே வயசானவன் நான். அழுக்கில் நல்லது இருக்கிறதென்றால் என் மண்டையில் எப்படி ஏறும்?

இழுக்கும்போது பாதி நாள் உப்புத் தண்ணீர் தொண்டைக்குள் போய்விடும். மீன் பீ என்று பேசிய வாய்க்கு அது வேண்டியதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

ரமலான் நெருங்கியது. மனைவி வழக்கம்போல வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக் கழுவத் தொடங்கினாள். எனக்கு சம்ப் கவலை. நோன்பு வைத்துக்கொண்டு டியூபை வாயில் வைக்க முடியாது, ஒரு சொட்டு உள்ளே போனால் நோன்பு போச்சு. நோன்பு திறந்த பிறகு செய்திருக்கலாம். டியூபை வாளித் தண்ணீரில் முக்கி நிரப்பினால் வாயே வைக்க வேண்டியதில்லை என்று மகன் பின்னால் சொன்னான். முன்னாலேயே அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு மாதத்து வேலையை ஒரே நாளில் முடித்துவிடுவோம் என்று, பிறை பார்க்கிற அன்று காலையில் உட்கார்ந்தேன்.

மூன்று அறைகளையும் காலி செய்தேன். கற்களுக்கு அடியில் கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். அதைப் பார்த்த பிறகு எனக்குக் கை நிற்கவில்லை. கற்களையெல்லாம் எடுத்துக் குழாயடியில் போட்டு, பாத்திரம் தேய்க்கிற நாரால் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை தேய்த்தேன். புதிதாக உப்புக் கரைத்து ஊற்றி மோட்டாரைப் போட்டேன். தண்ணீரில் அப்படி ஒரு தெளிவு. "கடலையும் கழுவியாச்சா? இனி நோன்பு வரலாம்" என்றாள் மனைவி. போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினேன். பாராட்டுவான் என்று காத்திருந்தேன். இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம்தான் பார்த்திருக்கிறான். "கல்லையும் கழுவிட்டீங்களாத்தா?" என்று மட்டும் பதில் வந்தது.

இரண்டாம் நோன்பன்று மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. கிருமி செத்துவிட்டது, கழிவு விஷமாக ஏறுகிறது, வெரசா தண்ணீரை மாத்துங்க என்றான். மாற்றினேன். சமையல் உப்பு இதற்கு உதவாது. மீன்தொட்டிக்கென்றே விற்கிற கடல் உப்பு வீட்டில் மிச்சமிருந்தது இரண்டு வாளிக்குத்தான் வந்தது. மதுரையிலிருந்து வரச் சொன்னது வந்து சேர மூன்று நாள் ஆகும் என்றார்கள். நோன்பு திறக்கிற நேரத்தில் கேட்கிற துஆவுக்குத் தனி மதிப்பு உண்டு. பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து மீனுக்காகக் கேட்டேன். மூன்றாம் நோன்பில் இரண்டு செத்தன. நாலாம் நோன்பில் இரண்டு. ஐந்தாம் நாள் மத்தியானம் கடைசி மீன் ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. உப்பு அன்று சாயங்காலம் வந்து சேர்ந்தது.

அவன் கூப்பிடும்வரை பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன்.

"எல்லாம் போச்சுப்பா."

"அஞ்சுமா?" என்றான்.

"இனிமே நீ என்னய எதுக்குக் கூப்பிடப் போற?" அழுதுகொண்டேதான் கேட்டேன்.

"நான் மீனுக்காகவா கூப்பிட்டேன்?" அவன் குரல் உயர்ந்தது. "நீங்க வேற எதையுமே பேச மாட்டேங்கிறீங்களே. எங்க தங்கியிருக்கேன், என்ன திங்கிறேன்னு ஒரு நாள் கேட்டிருப்பீங்களாத்தா? தொட்டி கழுவ ஏணியில ஏறி எறங்கி முதுகு போய்க் கெடக்கேன். அம்மாவுக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியாது."

முதுகுக்கு என்னப்பா, டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்க வேண்டும். அதைக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"தொட்டித் தண்ணிய எங்க ஊத்துறது?" என்று வந்தது.

 "செடியில ஊத்திராதீங்க, உப்பு. சாக்கடையில ஊத்துங்க" என்றான். வைத்துவிட்டான்.

ஊற்றிவிட்டேன்.

நோன்புப் பெருநாளன்று அவன் அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "அத்தாட்ட குடுக்கவா?" என்று அவள் கேட்டாள். அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவள் போனை என்னிடம் கொடுக்கவில்லை.