எல்லோருக்கும் வேலை கொடுத்த மார்லிஸ்

எந்தப் பட்டதாரியையும் வேலையில் இருப்பவராக மாற்றிக் காட்ட மார்லிஸ் ட்வைட்டுக்கு ஒரு தொலைபேசியும் கொஞ்சம் கற்பனையும் போதும். வேலைகூடத் தேவையில்லை.

வடக்கே பனி கொட்டும் டுலூத் நகரத்தில், ஏரியைப் பார்த்தபடி மேட்டின்மேல் நிற்கும் ஸ்டென்ஸ்ரூட் சட்டக் கல்லூரியில் அவள் வேலைவாய்ப்புத் துறையின் துணை இயக்குநர். இயக்குநர் என்று யாரும் கிடையாது. அந்தப் பதவியை ஏதோ ஒரு சிக்கன நடவடிக்கையில் ஒழித்துவிட்டார்கள். துணை மட்டும் மிஞ்சினாள். ஐம்பத்தைந்து வயது, ஒண்டிக்கட்டை, கனமான குரல். மாணவர்கள் வந்தால் மேஜைமேல் இருக்கும் மிட்டாய்க் கிண்ணத்தை முதலில் நகர்த்துவாள், பிறகு நம்பிக்கையை.

ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு பத்திரிகை நாட்டின் சட்டக் கல்லூரிகளையெல்லாம் வரிசையில் நிறுத்தும். முதல் நூற்றுக்குள் வந்தால் ஓர் எண் கிடைக்கும். வராதவர்களுக்கு எண் கிடையாது. அகர வரிசையில் கும்பலாகப் போட்டுவிடுவார்கள். ஸ்டென்ஸ்ரூட் அந்தக் கும்பலில் பல வருடம் யார் வம்புக்கும் போகாமல் இருந்தது. அப்போதுதான் கிழக்கேயிருந்து டீன் ஹாலிஸ்டர் வந்து சேர்ந்தார். குளிருக்கு ஏற்ற பூட்ஸ் இல்லாவிட்டாலும் தொலைநோக்கு இருந்தது. மூன்று வருடத்தில் நூற்றுக்குள் நுழைவோம் என்று முதல் கூட்டத்திலேயே சபதம் போட்டார். பேராசிரியர்கள் கைதட்டினார்கள், பாதிப் பேர் எந்த நூறு என்று பக்கத்தில் விசாரித்துக்கொண்டார்கள்.

அவர் வந்த நேரம் பார்த்து நாட்டின் பொருளாதாரம் குப்புற விழுந்தது. பெரிய பெரிய வக்கீல் நிறுவனங்கள் கொடுத்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டன. பத்திரிகைக்காரர்களோ, பட்டம் வாங்கி ஒன்பது மாதம் கழித்து, பிப்ரவரி நடுவில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். என்ன வேலை என்று கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது நாகரிகமில்லை என்பது டீனின் கொள்கை.

2011 ஜனவரிக் கடைசியில் ஒரு நாள் மார்லிஸை எதிரே உட்காரவைத்து ஒவ்வொரு பெயராகக் கேட்டார்.

"இந்தப் பொண்ணு என்ன பண்றா?"

"காபிக்கடையில நிக்கறா. வாரத்துக்கு ரெண்டு நாள்."

"அப்ப வேலையில இருக்கா. அடுத்தது?"

"இவன் மாமா வீட்டு நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போறான்."

"மாமா சம்பளம் தர்றாரா?"

"சாப்பாடு போடறார்."

"சுயதொழில். எழுதிக்குங்க."

எதிலும் அடங்காத பதினைந்து பேரைக் கல்லூரியே வேலைக்கு எடுத்துக்கொண்டது. 'சட்ட ஆய்வுத் துணைவர்' என்று பட்டம். பிப்ரவரி முதல் தேதி சேர்ந்தார்கள். மாதக் கடைசியில் ஆய்வு முடிந்துவிடும். நூலகத்தில் புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டித் திரும்ப வைத்தார்கள். ஆள் அதிகம், தூசி குறைவு. இரண்டாம் வாரத்தில் ஒருவர் தட்டியதையே இன்னொருவர் தட்ட வேண்டியதாயிற்று.

எல்லாம் போட்டுக் கூட்டினால் தொண்ணூற்றைந்து சதவீதம் வந்தது. டீனுக்கு முகம் விழுந்துவிட்டது. பக்கத்து மாநிலத்துக் கல்லூரி ஒன்றும் தொண்ணூற்றைந்து சொல்லப்போவதாக அவருக்குத் தகவல்.

"யாரு பாக்கி?"

"ரெய்னோ லாப்பலா. போனே எடுக்க மாட்டேங்கறான்."

"நேர்ல போய்ப் பாருங்க மார்லிஸ். உங்க சிரிப்பைப் பார்த்தா மறுக்க மாட்டான்."

ரெய்னோவை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வகுப்பில் இரண்டாவதாக வந்தவன். மினியாபொலிஸ் நிறுவனம் ஒன்று அவனுக்கு வேலை கொடுத்து, அவன் அங்கே வீடு பார்த்த பிறகு, 'வருந்துகிறோம்' என்று சொல்லிவிட்டது. இப்போது நகராட்சியில் பனி அள்ளும் லாரி ஓட்டுகிறான் என்று கேள்வி. அந்த வாரம் டுலூத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்ததால் அவனைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. எந்தத் தெருவில் பனி அள்ளியிருக்கிறதோ அதன் வழியே போனாள். மத்தியானம் ஒரு பெட்ரோல் பங்கில் காபி வாங்க லாரியை நிறுத்தியிருந்தவன், அவளைப் பார்த்ததும் காபிக்கோப்பையோடு பின்வாங்கினான்.

"வேண்டாம் மேடம். நான் டியூட்டியில இருக்கேன்."

"அதைத்தான் ரெய்னோ நானும் எழுதணும். ரெண்டே நிமிஷம்."

"நிக்க முடியாது. ஏறுங்க, போயிட்டே பேசலாம்."

லாரியின் உள்ளே ஹீட்டர் கொதித்தது. முன்னால் பெரிய இரும்புக் கத்தி பனியைச் சீவி ஓரமாகத் தள்ளிக்கொண்டே போனது. மார்லிஸ் தன் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, மூன்று தெருவுக்கு வானிலையைப் பற்றியே பேசினாள்.

"சரி, என்னன்னு போடப்போறீங்க?" என்று அவனே கேட்டான்.

"அரசு வேலை, நிரந்தரம், முழுநேரம். அதெல்லாம் உண்மைதானே? அப்புறம் படிவத்துல ஒரே ஒரு கட்டம். சட்டப் பட்டம் இருந்தா இந்த வேலைக்கு அனுகூலமான்னு."

"பனி தள்றதுக்கா?"

"பார்க்கிங் விதி இருக்குல்ல? தெருவுல எந்தப் பக்கம் வண்டி நிக்கலாம், எந்தப் பக்கம் நிக்கக் கூடாது… அது சட்டம்தானே?"

ரெய்னோ தவறான பக்கம் நின்ற ஒரு சிவப்புக் காரைக் காட்டினான். லாரி கடந்து போனபோது காரின் கதவுவரை பனி ஏறிவிட்டது. "ஆமாமா. இப்பத்தான் தீர்ப்பு எழுதினேன்."

மார்லிஸ் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். ஆனால் அடுத்த சிக்னலில் அவன் குரல் மாறிவிட்டது.

"அந்த மினியாபொலிஸ் வேலை போனப்ப உங்ககிட்டதான் வந்தேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"என்ன குடுத்தீங்க?"

கைகுலுக்குவது எப்படி என்ற அச்சடித்த கையேடு ஒன்றைக் கொடுத்திருந்தாள். கூட ஒரு மிட்டாய்.

"எனக்காக யாருக்காவது ஒரு போன் பண்ணீங்களா மேடம்? இப்ப என்னைப் பிடிக்க எத்தனை போன் பண்ணியிருக்கீங்க?" அவன் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "இந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. யூனியன் இருக்கு. என் கூடப் படிச்ச வக்கீலுங்க ரெண்டு பேரைவிட சம்பளம் ஜாஸ்தி. போட்டுக்குங்க. ஆனா அனுகூலம்னு மட்டும் போடாதீங்க."

அவள் போடவில்லை. 'அனுகூலம் இல்லை' என்றுதான் எழுதிக் கொடுத்தாள். கட்டம் என்னவானால் என்ன, ஆள் வேலையில் இருந்தால் போதும் என்று டீன் அதையும் கூட்டிக்கொண்டார். தொண்ணூற்றாறு.

அடுத்த வசந்தத்தில் ஸ்டென்ஸ்ரூட்டுக்குத் தொண்ணூற்றேழாவது இடம். கேக்மேல் அந்த எண்ணைச் சர்க்கரையில் எழுதி வெட்டினார்கள். நூலகத்துத் துணைவர்கள் யாருக்கும் அழைப்பில்லை. அவர்கள் வேலைதான் முடிந்துவிட்டதே. ஸ்டென்ஸ்ரூட்தான் தன் குடும்பம் என்று டீன் ஹாலிஸ்டர் உரையாற்றினார். கோடையில் அவர் வெயில் அடிக்கிற ஊரிலுள்ள, இன்னும் உயர்ந்த எண்ணுள்ள கல்லூரிக்குப் போய்விட்டார். பேராசிரியர் ஒருவரைத் தற்காலிக டீனாக உட்கார வைத்தார்கள்.

அந்தக் கோடையில்தான் தங்கை மகள் ப்ரிட்டா ஞாயிறு விருந்துக்குப் பளபளப்பான கையேட்டோடு வந்தாள். ப்ரிட்டாவுக்கு இருபத்தாறு வயது. பல் ஆஸ்பத்திரியில் பல் சுத்தம் செய்யும் வேலை, நல்ல சம்பளம், வெள்ளிக்கிழமை விடுமுறை. காட்டரிசியும் கோழியும் போட்டுச் சுட்டதைத் தட்டில் வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"பெரியம்மா, உங்க காலேஜ்ல சேரப்போறேன். இனிமே அடுத்தவங்க வாய்க்குள்ள குனிஞ்சு பார்த்துட்டு இருக்க முடியாது."

மார்லிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா உனக்கு?"

"யாரு சொல்லணும்? தொண்ணூத்தாறு சதவீதம்! இங்க பாருங்க, உங்க பேருகூடப் போட்டிருக்கு."

"அந்தத் தொண்ணூத்தாறை எனக்குப் பேரு சொல்லித் தெரியும்டி. பதினஞ்சு பேரு நூலகத்துல தூசி தட்டினவங்க. ஒருத்தன் நாயை மேய்ச்சான். ஒருத்தி காபி ஊத்தறா. நாங்க பொய் சொல்லல. பொய் சொல்லாம எப்படி ஏமாத்தறதுன்னு பார்த்தோம்."

அவள் வாழ்நாளில் பேசிய மிக நேர்மையான பேச்சு அதுதான். ப்ரிட்டா மேஜையிலிருந்து எழுந்துவிட்டாள்.

"நேரா சொல்லுங்க பெரியம்மா. என்னால முடியாதுன்னு நினைக்கறீங்க."

"அய்யோ, அப்படி இல்ல—"

"பல்லு தேய்க்கறவ வக்கீலானா உங்களுக்கு என்ன? ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நம்பிக்கை குடுப்பீங்க, எனக்கு மட்டும் இல்லையா?"

பெரியம்மா சொன்னதை நம்பாமல், பெரியம்மா அச்சடித்ததை நம்பி, ப்ரிட்டா ஆகஸ்டில் கல்லூரியில் சேர்ந்தாள். தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் அசைப்பாள்.

அதன் பிறகு மாணவர்கள் வந்தால் மார்லிஸ் மிட்டாய்க் கிண்ணத்தை மட்டும் நகர்த்தினாள், நம்பிக்கையை நகர்த்தவில்லை. ஒரு நாள் காலை, அலுவலகத்துக்குப் போகிற வழியில் காரைத் திருப்பி வடக்கே இரும்புச் சுரங்க ஊர்களுக்கு ஓட்டினாள். அங்கே நீதிமன்றம் இருக்கிறது, வழக்கு இருக்கிறது, வக்கீல்தான் இல்லை. இருப்பவர்களும் எழுபதைத் தாண்டியவர்கள். அந்த ஊர்களின் பெயரைக் கல்லூரியில் யாரும் உச்சரித்ததே இல்லை. அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். பலர், "எங்க ஊருக்கா? யாரு வருவா?" என்று கேட்டுக் காபி கொடுத்து அனுப்பினார்கள். ஹாக்கிச் சாமான் கடைக்கு மேலே அலுவலகம் வைத்திருந்த அக்னஸ் ஜூபன்சிச் என்ற கிழவி மட்டும், வால்நட் சுருட்டு ரொட்டி ஒரு துண்டை நறுக்கி நீட்டிவிட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"கெட்டிக்காரங்க வேண்டாம். கெட்டிக்காரங்க ரெண்டு மாசத்துல ஓடிருவாங்க. ஜனங்ககிட்ட உட்கார்ந்து பேசத் தெரிஞ்ச ஆளு இருந்தா அனுப்பு."

இப்படி இரண்டு வருடத்தில் ஏழு பட்டதாரிகளுக்கு நிஜமான வேலை கிடைத்தது. வக்கீல் வேலை. தன் அலுவலகத்தின் சரித்திரத்திலேயே இப்படி நடந்ததில்லை என்று பெருமையோடு மார்லிஸ் தற்காலிக டீனிடம் போய்ச் சொன்னாள். அவர் சம்பளத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இவங்களுக்கு வேலை கிடைச்சதுல எனக்கு சந்தோஷம்தான் மார்லிஸ். ஆனா இந்தச் சம்பளத்துல கிடைக்காமலே இருந்திருக்கலாம். நம்ம சராசரியே இறங்கிருச்சே."

"கிடைக்காம இருந்தா சதவீதம் இறங்குமே சார்?"

"அதான். ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது வழி பாருங்க."

அவள் வழி பார்ப்பதற்குள் பத்திரிகையின் விதிமுறை மாறிவிட்டது. என்ன வேலை, எத்தனை நாளைக்கு, சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்றெல்லாம் கேட்கத் தொடங்கினார்கள். இந்த அநாகரிகத்தை ஸ்டென்ஸ்ரூட்டால் தாங்க முடியவில்லை. தொண்ணூற்றாறு ஐம்பத்திரண்டாயிற்று. கல்லூரி மறுபடி எண்ணில்லாத கும்பலுக்குள் போய் விழுந்தது. பேராசிரியர்கள் கூடிப் பேசி, குறை எங்கே என்று ஆராய்ந்து, வேலைவாய்ப்புத் துறையை மூடிவிட்டு அதற்குப் பதிலாக ஓர் இணையதளம் வைத்தார்கள். மார்லிஸுக்குப் பூங்கொத்து கொடுத்து அனுப்பினார்கள்.

ப்ரிட்டா அப்போது கடைசி வருடம். வகுப்பில் நடுத்தரம், எழுதிப்போட்ட எந்த நிறுவனமும் பதில் போடவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மார்லிஸ் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பூட்ஸைக் கழற்றாமல் அங்கேயே பேசினாள்.

"இப்ப சிரிக்கணும்னா சிரிச்சுக்குங்க."

"உள்ள வா. கதவைத் திறந்து வெச்சா சூடெல்லாம் போயிரும்."

"நீங்க அன்னிக்கு சொன்னது எனக்குப் புரிஞ்சுது பெரியம்மா. புரிஞ்சதாலதான் அவ்வளவு கோபம் வந்துச்சு."

மார்லிஸ் தொலைபேசியை எடுத்தாள். வேலை போன பிறகு, வேறொருவர் வேலைக்காக அவள் செய்த முதல் அழைப்பு. அக்னஸ் மறுமுனையில் கத்திப் பேசியது அறை முழுக்கக் கேட்டது.

"படிப்புல எப்படி?"

"நடுத்தரம்."

"முன்னாடி என்ன பண்ணா?"

"பல்லு சுத்தம் பண்ணிட்டு இருந்தா. வாயைத் திறக்கவே பயப்படற ஆளுங்ககிட்ட நாலு வருஷம் பேச்சுக் குடுத்திருக்கா."

"திங்கக்கிழமை அனுப்பு. உனக்கு டைப் அடிக்கத் தெரியுமா? என் பொண்ணு ஃபீனிக்ஸுக்குப் போயிட்டா. முன்னாடி மேஜையில ஆளே இல்ல."

அந்த வேனில் முடிவில், வக்கீல் பரீட்சை எழுதித் தேறியதும், ப்ரிட்டா ஹாக்கிக் கடை மாடிக்கு வக்கீலாகப் போனாள். மார்லிஸ் டுலூத் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, முன்மேஜையில் உட்காரப் போனாள். பல் ஆஸ்பத்திரியில் வாங்கியதைவிட ப்ரிட்டாவுக்குச் சம்பளம் குறைவுதான். வெள்ளிக்கிழமை விடுமுறையும் போயிற்று. முதல் மாதம் இரண்டு தரம் அழுதாள். அக்னஸ் இரண்டு தரமும் ரொட்டி நறுக்கினாள்.

ப்ரிட்டாவின் முதல் வழக்கு, ஏரி உறைந்ததும் அதன்மேல் மீன் பிடிக்கப் போடும் குடிசைக்காக ஓர் அண்ணனுக்கும் தம்பிக்கும் மூண்ட சண்டை. நவம்பரில் ஒரு காலை, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படியேறி வந்து, முன்மேஜைக்கு இரு பக்கமும் நின்று ஒருவரையொருவர் பார்க்காமல் மார்லிஸிடம் கத்தினார்கள். அவள் இருவரையும் எதிரெதிர் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"வக்கீலம்மா, ரெண்டு பேரும் வந்தாச்சு. யாரை முதல்ல அனுப்பட்டும்?"

"நம்ம கட்சி தம்பிதான் பெரியம்மா. அண்ணனுக்கு வேற வக்கீல் பார்க்கச் சொல்லுங்க."

"இந்த ஊர்ல வேற வக்கீல் ஏது?"

ப்ரிட்டா கொஞ்சம் யோசித்தாள். "நாப்பது மைல் தள்ளி நம்ம காலேஜ் பையன் ஒருத்தன் இருக்கானே, நீங்க சேர்த்துவிட்டவன். அவன் நம்பரைக் குடுத்து அனுப்புங்க. அதுக்கு முன்னாடி அண்ணனுக்குக் காபி குடுங்க, பாவம், குளிர்ல வந்திருக்கார்."